நடந்து போனால் சைபர்

எங்கள் ஆபீஸில் லெவல் கிராசிங்குகளுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. எங்கள் பொறுப்பில் இருக்கிற ஒவ்வொரு கேட்டுக்கும் அதில் ஒரு பக்கம். சாலை எவ்வளவு அகலம், மண்ணா தாரா, கேட்டில் நின்று பார்த்தால் வருகிற ரயில் தெரியுமா, அவசரத்துக்குப் போன் செய்ய பக்கத்தில் எங்கே வசதி என்று வரிசையாகக் கேள்விகள். வருடத்துக்கு ஒரு தரம் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. புதுப்பிப்பது என்றால், போன வருடப் பக்கத்தைப் பார்த்து இந்த வருடப் பக்கத்தில் எழுதிவிட்டுத் தேதியை மட்டும் மாற்றுவது. வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதான். நானும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

அதனால் எங்கள் பதிவேட்டுக்குள் இருக்கிற உலகம் ரொம்ப அமைதியானது. அங்கே எல்லாச் சாலையும் மண் சாலை. கேட்டிலிருந்து பார்த்தால் ரயில் பளிச்சென்று தெரியும். நடுவில் கம்பெனிக்காரன் எழுப்பிய குடோன் சுவர் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. போன் செய்ய அருகில் ஒரு எஸ்டிடி பூத் இருப்பதாக இன்றைக்கும் எழுதியிருக்கிறது. அந்த பூத் பிரியாணிக் கடையாகி, பிரியாணிக் கடையும் மூடி, இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகாவது மாறியிருக்கும் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. எஸ்டிடி பூத்தையும் பத்திரமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம்.

அந்தப் பதிவேட்டில் என் ஊர் கேட்டும் ஒன்று. ஆரம்பாக்கம் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன், இதற்கு மேல் சொன்னால் மெமோ வரும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் ஹைவே. கேட்டுக்கு முன்னால் உயரமான வண்டிகளைத் தடுக்கக் குறுக்கே கம்பி போட்டிருப்பதால் கம்பெனி பஸ்கள் ஊருக்குள் வராது, ஹைவேயோடு நின்றுவிடும். ஷிப்ட் நேரம் வந்தால் ஊரே சாப்பாட்டு டப்பாவோடு கேட்டைத் தாண்டி நடக்கும். என் மனைவியும் அதில் ஒருத்தி. கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஒப்பந்த வேலை. பஸ்ஸை விட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அடிக்கடி விட்டால் ஒப்பந்தக்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. போக்குவரத்து குறைந்த கேட்டுகளை மூடிவிட்டு அடியில் சப்வே கட்டப் போகிறார்களாம். எது குறைந்த கேட் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் கேட்டில் ஆள் உட்கார்ந்து எண்ண வேண்டும். லாரி, கார், மாட்டுவண்டி எதுவானாலும் ஒன்று. ஆட்டோவுக்கு அரை. பைக்குக்கும் சைக்கிளுக்கும் கால். நடந்து போகிறவருக்கு சைபர். மீன்கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனால் கால் கிடைக்கும். அதே கூடையைத் தலையில் சுமந்துகொண்டு போனால் ஆளும் இல்லை, மீனும் இல்லை.

இதைச் சாப்பிடும்போது வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"மாட்டுக்கு ஒண்ணு, எனக்கு முட்டையா?" என்றாள் மனைவி.

"மாட்டுக்கு இல்லம்மா, வண்டிக்கு."

"யோவ், தெனம் அந்த கேட்டத் தாண்டி போய்க்கினு வந்துக்கினு கீறேன். உங்க ஆபீஸ்காரன் கண்ணுக்கு நான் இன்னா பேயா?"

விதி அப்படி என்றேன். அந்த விதியை எழுதினவன் கார் பஞ்சராகி நடுவெயிலில் நடக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு எனக்குக் குழம்பு ஊற்றினாள்.

மறுநாளே அவள் ஷிப்ட்டில் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். கணக்கெடுக்கிற வாரம் முழுக்க யாரும் வெறுமனே நடக்கக் கூடாது, ஆளுக்கொரு சைக்கிள். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது, செயின் இல்லாதது, சீட் இல்லாதது, கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது என்று ஊரில் கிடந்த சைக்கிளெல்லாம் வெளியே வந்தன. என் மனைவிக்கு ஓட்டத் தெரியாது. அவளோடு வந்த பாதிப் பெண்களுக்கும் தெரியாது. தள்ளிக்கொண்டு போனார்கள். எளாவூர்ப் பக்கமிருந்து யாரோ ஒரு மாட்டுவண்டியையும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஒரு பிடி வைக்கோல்கூட இல்லாமல் அந்த வண்டி கேட்டில் போவதும் வருவதுமாக இருந்தது. மாடுகளுக்குத்தான் எங்கே போகிறோம் என்று கடைசிவரை புரியவில்லை.

எண்ண வந்தவர்கள் குழம்பிப்போய் ஆபீஸுக்குப் போன் போட்டார்கள். தள்ளிக்கொண்டு போகிற சைக்கிளுக்குக் கால் உண்டா இல்லையா? விதிப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. எங்கள் என்ஜினியர் நேரிலேயே வந்து, குடை பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்று பார்த்தார். நான் பைலோடு பின்னால் நின்றேன். என் மனைவி என்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி, காற்று போன டயரைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு என் எதிரிலேயே போனாள்.

"ஓட்டினா வெஹிக்கிள். தள்ளினா பெடஸ்ட்ரியன்" என்று தீர்ப்பு சொன்னார் என்ஜினியர்.

"அப்ப அந்த சைக்கிள் சார்?" என்றேன்.

"அது லக்கேஜ்."

இந்தத் தீர்ப்பையும் மீறிக் கணக்கு பழையதைப் போலப் பல மடங்கு ஏறிவிட்டது. ஓட்டத் தெரிந்தவர்களும் ஊரில் இருந்தார்கள், பைக்குகளும் நிஜமாகவே பெருகியிருந்தன. கேட் பிழைத்துக்கொண்டது என்று நான் மனசுக்குள் குதித்தேன். என்ஜினியர் எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். போன கணக்கெடுப்பில் எவ்வளவு என்று கேட்டார். காட்டினேன். இன்றைக்கு இருக்கிற கம்பெனிகளில் பாதி வராத காலத்துக் கணக்கு அது.

"இவ்வளவு வித்தியாசம் இருந்தா மேல கேள்வி கேப்பாங்க. யாரு பதில் சொல்றது, நீங்களா?"

"சார், நான் அந்த ஊருதான் சார். ஷிப்ட்டு நேரத்துல வந்து பாருங்க, நிக்க எடம் இருக்காது."

"அந்த ஊரா? அப்ப நீங்க இதுல கருத்தே சொல்லக் கூடாது" என்றார்.

கேட்டைத் தெரிந்தவன் பேசக் கூடாது, தெரியாதவர்கள் முடிவு செய்வார்கள். புதுக் கணக்கு 'சந்தேகத்துக்குரிய உயர்வு' என்று தள்ளப்பட்டது. பக்கத்து மேசைக்காரரை உட்காரவைத்துப் பழைய எண்ணையே ஏற்றச் சொன்னார். மனைவியிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

கேட்டை மூடினார்கள். சப்வே வந்தது. மழை வராத வரைக்கும் அது நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் ஏரி ஓரத்து மண், கொஞ்சம் தோண்டினாலே ஊற்று எடுக்கும். முதல் மழைக்கே சப்வே நிரம்பி, தவளைகள் குடியேறின. தண்ணீரை இறைக்க மோட்டார் பொருத்தியிருப்பதாகப் பதிவேடு சொல்கிறது. மோட்டார் இருக்கத்தான் செய்கிறது, தண்ணீருக்கு அடியில். கம்ப்யூட்டரில் சப்வேயின் நிலை என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க மூன்றே பதில்கள்: மிக நன்று, நன்று, பராமரிப்பில் உள்ளது. முழுகிவிட்டது என்று ஒன்று கிடையாது. பராமரிப்பு என்று போட்டால் யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்பார்கள். 'மிக நன்று' போட என்ஜினியருக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதனால் 'நன்று'.

ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? கேட் இருந்த இடத்திலேயே தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கிப் போனார்கள். முன்பு ரயில் வந்தால் தடுக்கக் கம்பி இருந்தது, அதை இறக்க ஒரு ஆள் இருந்தார். இப்போது இரண்டும் இல்லை. குடோன் சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது, அது ரயிலை மறைக்கிறது. மழை வலுத்தால் ஹாரனும் காதில் விழாது. எனக்குப் பயமாக இருந்தது. பஸ் ஏறிவிட்டேன் என்று அவள் போன் செய்கிற வரைக்கும் எனக்கு நாஷ்டா இறங்காது.

"ஸ்டேஷன் பக்கமா சுத்திப் போயேன்" என்றேன்.

"சுத்திக்கினு போனா பஸ்ஸு நிக்குமா? உங்க என்ஜினியரு வந்து எனக்கு அட்டெண்டன்ஸ் போடுவானா?"

இந்த மழைக்காலத்தில் ஒருநாள் ரயில்வே போலீஸ் அங்கே நின்று பிடித்தார்கள். மாட்டியவர்களில் அவளும் ஒருத்தி. தண்டவாளத்தில் அத்துமீறி நடந்த குற்றம். பஸ் போயிற்று, அன்றைய சம்பளம் போயிற்று, கோர்ட்டில் அபராதமும் கட்டினாள். சாயங்காலம் ரசீதை என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் பிடிபட்டவர்களின் விவரம் எங்கள் ஆபீஸுக்கு வந்தது. மூடிய கேட்டுகளில் அத்துமீறி நடந்தவர்கள் எத்தனை பேர் என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டுமாம். அதற்கென்று கம்ப்யூட்டரில் புதுக் கட்டம் ஒன்று திறந்திருந்தார்கள். போன வருடத்தைப் பார்த்து எழுத முடியாத கட்டம் என்பதால் என்ஜினியர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கரெக்டா போடுங்க. ஒரு ஆள்கூட விட்டுப்போகக் கூடாது" என்றார்.

பட்டியலில் பெயர், வயது, கணவர் பெயர். கணவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். அவர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒன்று என்று ஏற்றினேன். காலும் இல்லை, அரையும் இல்லை, லாரிக்குக் கொடுப்பது போல முழுசாக ஒன்று. இத்தனை வருடம் அந்த இடத்தைத் தாண்டி நடந்தவளை அன்றைக்குத்தான் எங்கள் பதிவேடு பார்த்தது, அதுவும் குற்றவாளியாக.

வீட்டுக்குப் போய் அவளிடம் இதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மறுநாளுக்கான டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் அவளுக்குக் காலை ஷிப்ட். மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சப்வேயில் இடுப்பளவு தண்ணீர் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். டப்பாவைப் பைக்குள் வைத்து, சுடிதார் காலை மடித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கும் அந்த வழியாத்தான் போறேன். பஸ்ஸு ஏறிட்டன்னா போன் பண்றேன். இல்லாங்காட்டி அதுக்கும் ஒரு கட்டம் வெச்சிருப்பாங்க, எழுதிக்கோ."