பத்து அறைகள், பத்து முட்கள்

எண்பதுகளில் ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. தோல் காயவைக்கும் அறை ஒன்றில், காற்றின் ஈரத்தை அளக்கும் சென்சாரைச் சோதனைக்காக மாட்டினேன். ஒரு வருடம் அது பிசகவே இல்லை. முதலாளி பாய் மகிழ்ந்துபோய்ப் பத்து அறைகளிலும் மாட்டச் சொல்லிவிட்டார். ஆள் வைத்துப் பத்துக்கும் வயர் இழுத்து, என் அறைப் பலகையில் பத்து மீட்டர் முட்களையும் வரிசையாகப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

அந்த வருட ஆயுத பூஜையன்று, பாய் கொடுத்த பொரியோடு என் அறைக்கு வந்தால் பத்து முட்களும் அடைமழை பெய்வதுபோல உச்சியில் நிற்கின்றன. வெளியே சுள்ளென்று வெயில். வயர் இழுத்தவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு சென்சாரின் துளைகளிலும் ஈரச் சந்தனம் அப்பியிருந்தது, அதன்மேல் குங்குமம்.

கிண்ணத்தோடு நின்ற மேஸ்திரியைப் பிடித்தேன். "இன்னா மேஸ்திரி இது? போன வருஷம் ஒண்ணு இருந்துச்சே, அதுக்கு யாரும் வெக்கலியே?"

"அப்ப அது உங்க மிஷினு சார். இப்ப அது சொன்னாத்தானே நாங்க தோலை எறக்குறோம். எங்க சாமான் ஆயிடுச்சில்ல?"

எனக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பத்தையும் நானே துடைத்தேன். என் அறைப் பலகைக்கு மட்டும் யாரும் பொட்டு வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேஸ்திரியைக் கிண்ணத்தோடு கூட்டிப்போய், அதற்கும் ஒன்று வைக்கச் சொன்னேன்.