அஞ்சலோட்டமும் வீடியோக்காரரும்

யாழ்ப்பாணத்தில் கல்லூரியில் படித்தபோது வலைப்பந்து, கரப்பந்து, குண்டு எறிதல், நூறு மீற்றர் என்று எல்லாவற்றிலும் இறங்கினேன். இந்தச் செய்தி எப்படியோ ஒஸ்லோ வரை கசிந்துவிட்டது. அங்கே புருசெத் என்ற பகுதியில் ஒரு தமிழ்க் கழகத்துக்குப் பயிற்றுநராகப் போன முதல் நாளே எல்லா அணிகளையும் என் தலையில் கட்டினார்கள். சதுரங்கத்தையும் சேர்த்துத்தான். இத்தனையும் விளையாடியவளுக்கு உட்கார்ந்து விளையாடுவது என்ன கஷ்டம் என்று தலைவர் கேட்டார்.

அந்தக் கோடை விளையாட்டு விழாவில் எனக்குத் தலைவலி கொடுத்தது பெண்களின் அஞ்சலோட்டம். நால்வரில் உண்மையாக ஓடத் தெரிந்தவள் அபிராமி ஒருத்திதான். மற்ற மூவரும் ரயிலைப் பிடிக்க ஓடுகிற வகை. அபிராமியின் அம்மா முன்பே எச்சரித்திருந்தார்.

"ரீச்சர், இந்தமுறை கப் வராட்டி பிள்ளையை மறிச்சுப்போடுவன். சனிக்கிழமை கணக்கு ரியூசன் இருக்கு."

அவளை இழக்க எனக்கு மனமே இல்லை. ஓடும்போதுதான் அந்தப் பிள்ளையின் முகத்தில் சிரிப்பையே பார்த்திருக்கிறேன்.

வேகக்காரியைக் கடைசியாக விடுவதுதான் முறை. ஆனால் எங்கள் கழகத்தில் கடைசி ஓட்டம் தலைவர் வீட்டுச் சொத்து. போன ஆண்டும் அவர் மகள்தான் கடைசியாக ஓடி, முன்னால் நின்ற அணியைப் பின்னால் கொண்டுவந்தாள். இந்த முறையாவது மாற்றுவோமா என்று கேட்டேன்.

"தங்கச்சி, முடிவுக்கோட்டிலைதான் வீடியோ நிக்குது. மகள் கடைசியாத்தான் ஓடுவாள்."

விழா நடந்த ட்வெய்ட்டாவில் நாங்கள் சுண்ணாம்பால் கோடு கீறும் திடலில் தொடக்கம் ஒரு கோடியில், முடிவு மறு கோடியில். நான் நேரே வீடியோக்காரரிடம் போனேன். இங்கே வெயில் கண்ணைக் குத்துகிறது, தொடக்கத்தில் நின்றால் படம் நன்றாக விழும் என்றேன். மனுசன் உடனே முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சற்று நேரத்தில் தலைவரே என்னைத் தேடி வந்தார்.

"யோசிச்சுப் பாத்தன், தங்கச்சி. தொடக்கம்தான் முக்கியம். மகள் முதலாவதா ஓடட்டும்."

"ஓம் அண்ணை" என்றேன், மிகப் பணிவாக.

கடைசியாகக் கோல் அபிராமியின் கைக்கு வந்தபோது நாங்கள் மூன்றாம் இடம். இரண்டு பேரையும் முந்திக்கொண்டு அவள் கோட்டைத் தாண்டினாள். நான் அழுதேவிட்டேன். தன் மகள் கொடுத்த நல்ல தொடக்கத்தால்தான் கப் கிடைத்தது என்று தலைவர் மேடையில் நெடுநேரம் பேசினார். நானும் கைதட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அபிராமி பயிற்சிக்கு வந்தாள். எனக்குப் பெரிய நிம்மதி. கூடவே அம்மாவும் வந்திருந்தார்.

"ரீச்சர், வீடியோ பாத்தனான். என்ரை பிள்ளையைக் காணேல்லை. அடுத்தமுறை அவளை முதலாவதா விடுங்கோ."

பயிற்றுவிக்க வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யார் எப்போது ஓடுவது என்பதைப் பெற்றோரிடமே விட்டுவிடுங்கள். வீடியோக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.