கோழி படுத்த தக்கை

எங்கள் வீட்டுக் கோழி ஒரு லைஃப் ஜாக்கெட்டில்தான் முட்டையிட்டு வந்தது.

மாமனார் இளமையில் தலைமன்னார்க் கப்பலில் வேலை செய்தவர். கப்பல் ஓட்டம் நின்றபோது அவர் அங்கிருந்து கொண்டுவந்த ஒரே சாமான் அது. தடித்த கன்வஸ் துணிக்குள் செங்கல் அளவில் தக்கைக் கட்டைகளை வரிசையாக அடுக்கித் தைத்திருந்தார்கள். அவர் கண்ணை மூடிய பிறகு அதைக் கேட்பாரில்லை. சண்டைக்காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து ஓடித் திரும்பி வந்தபோது கதவு இல்லை, கூரைத் தகரம் இல்லை, கிணற்றுக் கயிறுகூட இல்லை. இந்த ஜாக்கெட் மட்டும் கொட்டிலில் கிடந்தது. களவெடுக்கிறவனுக்கும் பிடிக்காத சாமான். பிறகு கோழி அதைப் பிடித்துக்கொண்டது.

நான் தையற்காரி. பள்ளிக்கூடச் சட்டை, கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்குகிற உடுப்பு, கிழிந்த பாய்மரத்துணி என்று எது வந்தாலும் என் மெசினுக்குக் கீழே போகும். கணவர் கடற்தொழில். போன வருசம் கரையில் லைஃப் ஜாக்கெட் சோதனை கடுமையானதும் எங்கள் ஊர்க் கடைக்காரர் செம்மஞ்சள் நிற ஜாக்கெட்டுகளைக் கட்டுக்கட்டாக இறக்கினார். ஊரில் கடலுக்குப் போகிற எல்லாரும் அவரிடம்தான் வாங்கினார்கள். நாங்கள் வாங்கிய ஜாக்கெட்டின் வார் அறுந்துபோனதால் அதைத் தைத்துத் தரச்சொல்லிக் கணவர் என் மெசின்மேல் போட்டுவிட்டுப் போனார்.

வாரைச் சரியாகப் பிடித்துத் தைக்கவேண்டுமென்றால் ஓரத்தைப் பிரிக்கவேண்டும். பிரித்தேன். உள்ளே இருந்தது மெத்தை ஸ்பொஞ். புதுசு என்றால்கூடப் பரவாயில்லை. யாரோ வருசக்கணக்காகப் படுத்தெழும்பிய மெத்தை. மஞ்சள் கறை, ஒட்டிக்கிடந்த தலைமயிர், கோடுபோட்ட மெத்தைத் துணியின் ஒரு துண்டு, அதோடு பிள்ளை மூத்திர நாற்றம். நான் மீன் குடலுக்குள் கை விட்டு வளர்ந்தவள், எனக்கு லேசில் அருவருப்பு வராது. அன்று முற்றத்துக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தேன்.

வாய் கொப்பளித்துவிட்டு, ஜாக்கெட்டை அப்படியே தண்ணீர்ப் பீப்பாய்க்குள் போட்டேன். கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு குமிழி விட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல், அடிக்குப் போய்விட்டது. அதன்மேல் ஒரு கல்லைக்கூட நான் வைக்கவில்லை. என் மனுசன் வைக்கப்போவது தன் உடம்பை.

அன்று பின்னேரம் அவர் வந்ததும் சொன்னேன்.

"இதுக்குள்ள பழைய மெத்தையை வெட்டி அடைச்சிருக்கு. தண்ணிக்குள்ள தாழுது."

"ஓம், அது தெரியும்தானே" என்றார், கால் கழுவிக்கொண்டே. "ஆர் அதைப் போடுறது? கேட்டால் காட்டுறதுக்குத்தான். நாங்கள் தலைக்கு வச்சுப் படுக்கிறனாங்கள்."

"வள்ளம் கவிழ்ந்தால்?"

"மாதா இருக்கிறா."

மாதா அந்த மூத்திர மெத்தையையும் சேர்த்துத் தூக்கவேண்டுமாக்கும். இவரைத் திட்டுவதா, கடைக்காரரைத் திட்டுவதா என்று தெரியாமல் இரண்டு பேரையும் மனதுக்குள் திட்டினேன். ஏமாற்றினவரைவிட, ஏமாற்றப்பட்டது தெரிந்தும் அதில் தலைவைத்துப் படுக்கிறவர்மேல்தான் எனக்குக் கூடக் கோபம் வந்தது.

அடுத்தநாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் மாதா கோயிலில் முதல் வரிசை வாங்கில் இருக்கிறவர். கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிவரச் சொன்னார். ஜாக்கெட்டுக்குள் இருந்ததையும் அது தாழ்ந்ததையும் சொன்னேன்.

"தங்கச்சி, சனம் மலிவாக் கேட்டது, மலிவாக் குடுத்தனான். இதைப் போட்டுக்கொண்டு இங்க ஒருத்தரும் தண்ணிக்குள்ள தாண்டு போகேல்லையே."

இன்னும் ஒருத்தரும் சாகவில்லை என்பதுதான் அவருடைய சாமானுக்கு உத்தரவாதம். அந்த வாய் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற வாய். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது. குடிக்க மனம் வரவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

வந்த வேகத்தில் கோழியைக் கிளப்பிவிட்டு மாமனாரின் ஜாக்கெட்டை இழுத்தெடுத்தேன். எச்சம் காய்ந்து கட்டியாகப் பிடித்திருந்தது. உடைந்த முட்டை ஒன்று கன்வஸில் ஊறி அழுகிக் கிடந்தது. கோழிப்பேன் என் முழங்கை வரைக்கும் ஏறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு பீப்பாய்க்குள் அமுக்கினேன். அது தாழ மறுத்தது. இரண்டு கையாலும் பாரம் கொடுத்து அமுக்க, கை வழுக்கி, அது குபுக்கென்று மேலே வந்து எச்சத் தண்ணியை என் முகத்தில் அடித்தது. கொஞ்சம் வாய்க்குள்ளும் போனது. துப்பித் துப்பி நாக்கு வறண்டுவிட்டது. ஆனால் துப்பிக்கொண்டே சிரித்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, அவளுடைய புருசனும் கடலுக்குப் போகிறவர், பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, கோழிட கட்டிலைப் புடுங்கிப் புருசனுக்குப் போடப்போறியா?"

"ஓம். உன்ட மனுசனுக்கும் வேணுமா?"

"சீ, ஆருக்கு வேணும் அந்தப் பீ."

துணியைப் பிரித்துத் தக்கைக் கட்டைகளை வெளியே எடுத்தேன். எலி கரம்பியிருந்தது, ஓரம் உதிர்ந்தது, நடுப்பகுதி மட்டும் கெட்டியாகக் கிடந்தது. சவர்க்காரம் போட்டு மூன்று தண்ணியில் தேய்த்து வெயிலில் பரப்பினேன். தக்கை என்றால் எங்களுக்கு எடையில்லாதது, மதிப்பில்லாதது. கோயிலில் பூசைக்கு வைக்கிற திராட்சை இரசப் போத்தலின் வாயை அடைப்பது அதுதான். எங்கள் வள்ளத்தின் பின்பக்கத்தில் தண்ணி வடிக்கிற ஓட்டைக்கு இறுக்கியிருப்பதும் அதுதான். ஒன்றில் இரசம் வெளியே போகாது, மற்றதில் கடல் உள்ளே வராது. போனில் தேடிப் பார்த்தேன். எங்கேயோ வெளிநாட்டில் நிற்கிற ஒரு மரத்தின் பட்டையாம். உரித்தாலும் மரம் சாகாதாம், திரும்பப் பட்டை கட்டுமாம். எங்கள் ஊரில் சனத்தை உரிக்கிறவர்களுக்கு அந்தக் கவனம் இல்லை.

நல்ல கட்டைகளைப் பொறுக்கிச் செம்மஞ்சள் உறைக்குள் வைத்து, நைலோன் நூலால் தைத்தேன். மெத்தை ஸ்பொஞ்சை முற்றத்தில் குவித்துவைத்தேன், கொளுத்தினால் நாற்றம் ஊரைத் தூக்கும். கணவர் போட்டுப் பார்த்துவிட்டு, "பலகை மாதிரி இருக்கு, தலைக்கு வைக்க ஏலாது" என்றார். அதுதான் எனக்கு வேண்டியது. கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணிக்குள் இறங்கச் சொன்னேன். மார்பளவில் நிமிர்ந்து மிதந்தார். கரையில் நின்றவர்கள் முட்டையிடச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். அவருக்கு வெட்கம். ஆனால் மறுநாள் கழற்றாமல் போட்டுக்கொண்டே போனார்.

அந்த வாரமே கடைக்காரர் எங்கள் வேலிப் படலையில் வந்து நின்றார். கையில் தன் கடை ஜாக்கெட் ஒன்று. குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, மகன் தன்ட மச்சானோட கடற்தொழிலுக்குப் போகப்போறான். அந்தத் தக்கை மிச்சம் கிடந்தால் இதுக்குள்ளயும் வச்சுத் தைச்சுத் தாங்கோ."

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பீப்பாய்த் தண்ணி வாய்க்குள் போனபோதுகூட இப்படிக் கூசவில்லை. மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மெத்தை, தன் பிள்ளைக்குத் தக்கை. மிச்சக் கட்டைகள் உள்ளே என் தையல் கதிரைக்குப் பின்னால்தான் இருந்தன. அந்தப் பெடியன் ஒரு பாவமும் அறியாதவன், அவனுக்கு நான் தைத்துத்தான் கொடுப்பேன். ஆனால் கடைக்காரரைச் சும்மா அனுப்புவதாக இல்லை.

"தைச்சுத் தாறன், அண்ணன்" என்று வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "அதுக்கு முதல் அந்த ஜாக்கெட்டை இந்தப் பீப்பாய்க்குள்ள போடுங்கோ. மிதந்தால் ஏன் வீணா என்ட தக்கை?"

அவர் பீப்பாய்க்குக் கிட்டப் போனார். ஜாக்கெட்டைத் தண்ணிக்கு மேலே பிடித்தார். பிடித்தபடியே நின்றார். முற்றத்தில் குவிந்துகிடந்த மெத்தை ஸ்பொஞ்சைப் பார்த்தார், பிறகு வேலியைப் பார்த்தார்.

"நனைக்கத் தேவையில்லை, தங்கச்சி" என்று ஜாக்கெட்டைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

வேலிக்கு மேலே தெரிந்த பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தில் சிரிப்பில்லை. விறுக்கென்று வீட்டுக்குள் போனாள். தன் புருசனின் ஜாக்கெட்டோடு வெளியே வந்து, படலையைக் காலால் தள்ளித் திறந்து, கடைக்காரரை விலக்கிக்கொண்டு பீப்பாய்க்குக் கிட்டப் போய் அதைத் தண்ணிக்குள் போட்டாள்.

மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.