பெயர் எழுதாத பைலட்டுகள்

"ரெண்டு அடி தள்ளி நில்லு தம்பி, உன் நிழல் கயித்து மேல விழுது" என்று சொல்லிவிட்டு ஜஸ்மாயா அக்கா மறுபடி குனிந்துகொண்டார். சுவரிலிருந்து சுவர் வரை நீளும் மேசையில் பாராசூட்டின் வெள்ளைத் துணி கிடந்தது. அதை இடமும் வலமுமாக மடித்து, மடிப்பு நழுவாமலிருக்க மேலே சின்னச் சின்ன மணல் பைகளை வைத்துக்கொண்டே போனார். வைத்தது ஆறு என்றால், ஆறையும் திரும்ப எடுத்து ஆணியில் மாட்டிய பிறகுதான் அடுத்த வேலை. ஒரு மணல் பை உள்ளேயே தங்கிவிட்டால் அந்தப் பாராசூட் திறக்காது.

எங்கள் மலையூரான போக்கராவில் பாராகிளைடர் ஓட்டுகிறவர்களுக்குப் பைலட் என்றுதான் பெயர். ஒரு பயணியை முன்னால் கட்டிக்கொண்டு சாரங்கோட் மேட்டிலிருந்து கிளம்பி, ஏரிக்கரையில் வந்து இறங்குவார்கள். மேலே விரிந்திருக்கும் பெரிய இறக்கை காற்றில் மடங்கிப்போனால் எடுத்து வீசுவதற்கு இருக்கையோடு ஓர் அவசரப் பாராசூட் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைப் பிரித்து, உலர்த்தி, புதிதாக மடிக்க வேண்டும். மழை தொடங்கிப் பறப்பது நின்றதும், ஊரில் பாதிப் பைலட்டுகள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்காவிடம் வந்துவிடுவார்கள். நான் ஒரு கம்பெனியின் கவுன்ட்டரில் பயணிகளுக்குச் சீட்டு எழுதுகிறவன். மழைக்காலத்தில் எனக்கும் வேலை கிடையாது. பதினாறு வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்துதான் பொழுதைப் போக்குகிறேன்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. குள்ளம். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். சுர்ப்பி என்கிற காய்ந்த பாலாடைக் கட்டி ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் அரை நாளைக்குப் பேச்சு வராது. கணவர் ஹர்கமான் குருங்கும் பைலட்தான். இருபது வருஷமாகப் பறக்கிறார். அக்கா ஒரு நாளும் பறந்ததில்லை. காய்கறி வாங்கப் போகும்போதுகூடத் தரையைப் பார்த்தேதான் நடப்பார். "மேல பாத்தா எது யாரோடதுன்னு மனசு தேட ஆரம்பிச்சிடும். அப்புறம் காய்கறி வாங்கின மாதிரிதான்" என்பார். அவர் மடித்தவற்றில் இதுவரை பதினொன்று வானத்தில் திறந்திருக்கின்றன. பதினொரு பேரும் பிழைத்தார்கள். அதை யாராவது புகழ்ந்தால் முகம் சுளிப்பார்.

"திறக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் மடிக்கிறேன். பதினோரு தடவ சாமி காதுல விழல."

பைலட் ஒருவர் விழுந்தால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. அன்று மாலை இறங்கு மைதானத்தில் ஒருவர் ஹெல்மெட்டை ஏந்திக்கொண்டு சுற்றி வருவார். அவரவர் முடிந்ததைப் போடுவார்கள். கோரே தாமாங் என்ற பைலட் இடுப்பு முறிந்து கிடந்தபோது அது இரண்டு முறை நிரம்பியது. கோரே ஊருக்கே செல்லப்பிள்ளை, பாட்டுப் பாடுவான், எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுப்பான். இப்போது எழுந்து மறுபடி பறக்கவும் தொடங்கிவிட்டான். போன குளிர்காலத்தில் தீர்த்தன் புன் என்ற பைலட் தனியாகப் பறந்தபோது மலைச்சரிவில் மோதிச் செத்தான். மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவன் அவன். அன்றைக்கு ஹெல்மெட்டின் அடி தெரிந்தது. பட்டியலில் அவன் பெயரை நான்தான் அடித்தேன். அடித்த கையோடு, அவனுக்காகக் காத்திருந்த பயணிக்கு வேறொரு பைலட்டின் பெயரை எழுதினேன். கேட்டால் வேலை என்று சொல்லலாம். எனக்கு இன்னும் அது கசக்கிறது.

தீர்த்தன் விழுந்த இடத்தில் பாராசூட்டை வீச உயரம் போதவில்லை. அது மடித்தது மடித்தபடி திரும்பி வந்தது. ஒரு மாதம் கழித்து அவன் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு அக்காவின் அறைக்கு வந்து, "இத யாராச்சும் வாங்கிப்பாங்களா அக்கா? புதுசு மாதிரிதான் இருக்கு" என்று கேட்டாள். அக்கா அவளுக்கு மிளகும் உப்பும் போட்ட தேநீர் கொடுத்தார். அவள் போன பிறகு வெகுநேரம் எந்த வேலையும் செய்யவில்லை.

"பேசத் தெரிஞ்சவனுக்கு ஹெல்மெட் ரொம்புது. பேசாதவன் பொண்டாட்டி பாராசூட்ட விக்க வரா. இது நல்லா இல்ல. விழுந்தவங்க குடும்பத்துக்குன்னு ஒரு நிதி வைக்கணும். நீ எழுதுற ஆளுதான, அதுக்கு ஒரு பாரம் எழுதிக் குடு" என்றார் என்னிடம்.

நிதி இப்படித்தான் ஆரம்பமானது. ஒவ்வொரு பயணியின் சீட்டிலிருந்தும் ஒரு சிறு தொகை அதில் சேரும். அடிபட்டவனின் குடும்பத்துக்கு அடுப்பெரியவும், செத்தவனின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவும் அதிலிருந்து கொடுப்பது. இதற்கு முதலாளிகள் ஒப்புக்கொள்ள வேண்டுமே. அக்கா நாலு மாதம் கம்பெனி கம்பெனியாக நடந்தார். மறுத்தவர்களிடம் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. அவர்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலியில் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமலே பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் முதலாளியும் அதில் ஒருவர்.

அதன் பிறகுதான் வந்தது வினை. பாரத்தில் நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம், 'எனக்குப் பிறகு யாருக்கு?' அது நிரம்பாத பாரத்தை, நிதியைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். தசைன் பண்டிகை விடுமுறைக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். விட்டால் இந்தப் பறக்கும் பருவம் முழுக்க நிதி இல்லை, நடுவில் எவன் விழுந்தாலும் அதே ஹெல்மெட்தான். பைலட்டுகளோ மற்ற மூன்று கட்டங்களையும் நிரப்பிவிட்டுப் பேனாவை மூடினார்கள். "அதுல பொண்டாட்டி பேர எழுதினா, அவளுக்கு வெள்ளத்துணி எடுத்து வச்ச மாதிரிக்கா" என்றான் ஒருவன். ஆயிரம் அடி உயரத்தில் துணியில் தொங்குகிறவர்கள் ஒரு பேனாவுக்குப் பயந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து முப்பத்தொரு பாரங்களும் மொத்தமாக வந்தன. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. எனக்கு ஆச்சரியம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலைந்தைப் படித்தார். கோரேயைக் கூப்பிட்டனுப்பினார்.

"இதென்னடா, உனக்கப்புறம் ஹர்கமானா?"

"அண்ணன் நம்ம ஆளுதானக்கா. வீட்டுல கொண்டுபோய்க் குடுத்துட மாட்டாரா?"

"அவருக்கப்புறம் யாருன்னு தெரியுமா? நீ. ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல மேல போறீங்க, ஒரே காத்துல சுத்துறீங்க. முட்டிக்கிட்டு விழுந்தா நீங்க ரெண்டு பேரும்தான் விழணும். அப்போ பணத்த ஏரி மீனுக்கா போடுறது?"

கோரே சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. இருபத்தாறு பேர் இப்படி ஜோடி ஜோடியாக ஒருவன் பெயரை இன்னொருவன் எழுதியிருந்தார்கள். மீதி ஐந்து பேர் அக்காவின் பெயரையே எழுதிவிட்டார்கள்.

மறுநாள் அறைக்கதவில் ஓர் அட்டை தொங்கியது. வீட்டு ஆளின் பெயர் எழுதித் தராதவர்களுக்குப் பாராசூட் கிடைக்காது. இந்த ஊரில் அக்கா மடித்தால்தான் நிம்மதி என்பவர்கள் பலர் என்றாலும், ஆறு பேர் சத்தமில்லாமல் வேறிடம் தேடிப் போனார்கள். மற்றவர்கள் வந்து நின்று ஒரே பல்லவியைப் பாடினார்கள்: "நாங்க எழுதுறோம்கா. மொதல்ல உங்க வீட்டுல எழுதச் சொல்லுங்க." 

ஹர்கமான் நல்ல மனிதர். அதனால்தான் அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு மத்தியானம் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் எதிரிலேயே இந்தப் பேச்சு வந்தது.

"நீ மடிச்சது என்கூட இருக்கறப்போ எனக்கு எதுக்கு ஜஸ்மாயா பாரம்?" என்றார்.

"தீர்த்தனுக்கும் நான்தான் மடிச்சேன்."

 ஹர்கமான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனார். அக்கா அந்தத் தட்டை எடுத்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கால் விட்டுப்போச்சு தம்பி. ஆம்பளைங்கள ஒரு பேர் எழுத வைக்கறதுக்கு, இன்னும் ஆயிரம் துணி மடிச்சிடலாம்."

மழை விட்டது. பருவத்தின் முதல் நாள் காலை, மலை துடைத்துவிட்டதுபோல் தெரிந்தது. பாரங்களைக் கொடுக்க மறுநாள்தான் கடைசி. தெருவில் ஜீப் உறுமிக்கொண்டு நிற்க, அதில் கோரேயும் இன்னும் ஏழெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பாராசூட் கேட்டுக் கெஞ்சிப் பார்க்க வந்த கூட்டம் அது. ஹர்கமான் மட்டும் இறங்கி உள்ளே வந்தார். மூன்று நாளைக்கு முன் மடித்து, தேதி எழுதி, சிவப்பு நூல் முடிச்சிட்ட அவருடைய பை மேசை ஓரத்தில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார். புதுப் பாரம் ஒன்றை எடுத்து நின்றபடியே எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ரொம்ப நேரம் பிடித்தது. ஜஸ்மாயா குருங், மனைவி.

வாசலில் நிழல் விழுந்தது. கோரே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். சுவரில் வைத்து எழுதினார்கள், ஒருவன் முதுகில் இன்னொருவன் வைத்து எழுதினான்.  இத்தனை மாதமாக அக்கா நடந்த நடைக்கு இதுதான் கூலி, இனி சிரிப்பார் என்று நினைத்தேன்.

அக்கா கணவரின் பாரத்தைக் கையில் வாங்கி, தன் பெயரை ஒரு முறை படித்தார். அதை மற்றப் பாரங்களுக்கு அடியில் வைத்தார். கிளம்பலாம் என்று ஹர்கமான் தன் பையை எடுக்கக் குனிந்தார். அதற்குள் அக்கா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சிவப்பு நூலைக் கத்தரியால் வெட்டி, மடித்திருந்த துணி முழுவதையும் உருவி மேசைமேல் கொட்டினார். "என் பேர எழுதிட்டீங்கல்ல, இப்போ எனக்குப் பயமா இருக்கு, இன்னொரு தடவ மடிச்சுத்தான் தருவேன்" என்றார்.