பாதியில் மூடிய புத்தகம்

காய்ந்த கரும்புச் சோகை எரியும் வாசனை வந்தால் இன்றும் பேருந்தின் ஜன்னலை மூடிவிடுகிறேன். நெல்லிக்குப்பம் பக்கம் போகும்போதெல்லாம் வரும். மூடிய பிறகும் உள்ளேதான் இருக்கும்.

தானே புயலுக்கு நாலைந்து வருடம் முந்தி. சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஞாயிறானால் தங்கை வீடு. அவள் கணவன் கரும்பு வெட்டுகிறவன்; அவனுக்கென்றும் அரைக்காணி கரும்பு நின்றது. அவனோடு வெட்டும் ஆட்களுக்கு ஒரு புத்தகம் வாசித்துக் காட்டினேன். ஸ்பெயினில் தலைவரே இல்லாமல் சங்கம் நடத்திய தொழிலாளர்களின் கதை.

"தலைவர் இல்லன்னா மாலைய யாருக்குய்யா போடுவானுங்க?" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

அடுத்த மாதமே, ஆள் சேர்த்துக் கூலி பிரிக்கும் மேஸ்திரியை விலக்கிவிட்டுக் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். முறையும் அவர்களே வைத்தார்கள்: வெட்டுக்கத்திகள் எல்லாம் வேப்பமரத்தடியில் ஒரே குவியல். எல்லோரும் சம்மதித்தால்தான் யாரும் எடுக்கலாம். நான் பூரித்துப்போனேன்.

வாரங்கள் போயின. மாப்பிள்ளையின் கரும்பு பூத்துக் காயத் தொடங்கியது. ஒரு காலையில் குவியலிலிருந்து தன் கத்தியை உருவினான்.

"என் கொல்லைய நான் வெட்றேன். இதுக்கு யாருய்யா முதலாளி?"

அவன் பின்னால் ஆறு பேர் எடுத்தார்கள். தெரு இரண்டானது. டீக்கடையும் இரண்டானது. கல் பறந்தது. பொங்கலுக்கு முன் ஒரு மத்தியானம் அந்த அரைக்காணி எரிந்தது.

யார் தீ வைத்தது என்று கேட்டுப் போனேன். அன்று மாலை யாருக்கு என்று கேட்டுச் சிரிக்கவைத்தவர்தான் பதில் சொன்னார். இப்போது சிரிப்பில்லை.

"யாரப் புடிச்சிக் கேப்பீங்க? தலைவரே வாணாம்னு நீங்கதான சொன்னீங்க."

கடலூர் பேருந்து நிலையம். பிழைப்புக்குத் திருப்பூர் கிளம்பிவிட்டார்கள். தங்கை உள்ளே ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை படியில் நின்றான்.

"அந்தப் பொஸ்தகத்து ஊர்க்காரனுங்க கடசில என்னதான் ஆனானுங்க மச்சான்?"

சொன்னேன். படை கிளம்பியது, நாடே இரண்டாகி அடித்துக்கொண்டது, ஒரே பக்கம் நின்ற தொழிலாளிகளே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். எனக்கு முன்பே தெரியும். நம்பிக்கை கெட வேண்டாமென்று அன்று அந்த இடம் வரும் முன் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். வண்டி நகரும்போது குனிந்து, ஜன்னலோரம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னான்:

"இத அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மச்சான். எங்கண்ணன் வாசிச்சா எல்லாம் கண்ணு முன்னாடி நிக்கும்னு இன்னும் சொல்லிக்கிட்டிருக்கா."