சிவமணியிடம் கேட்ட கேள்வி

சிவமணியைப் பற்றி எழுதுவதென்றால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு அவள்மேல் பொறாமை. நேற்று இன்று வந்த பொறாமை இல்லை, இருபத்தைந்து வருடமாக ஊறியது. அதனால் அவளைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நீங்கள் அதை முழுதாக நம்பலாம். அதைச் சொல்வதற்குள் எனக்கு வயிறு எரிந்திருக்கும்.

1981இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தோம். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டு அறையில் தங்கியிருந்தேன். அவள் கொட்டாஞ்சேனைக்காரி. தகப்பன் துறைமுகத்தில் கிளார்க். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ஒற்றைப் பின்னல், இரண்டே இரண்டு நல்ல சட்டை. பார்த்தவுடன் பொறாமைப்பட அவளிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

இரண்டாம் வருடம் பிறப்புரிமையியல், அதாவது ஜெனற்றிக்ஸ், தொடங்கியது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் படிக்கும்போது காணி உறுதிப்பத்திர ஞாபகம்தான் வரும். உள்ளே போனால் எல்லாம் பழ ஈ. போத்தலுக்குள் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து வைத்து, சிவப்புக் கண் ஈயையும் வெள்ளைக் கண் ஈயையும் சேர்த்து, பிறக்கிற குஞ்சுகளைக் கண் நிறம் பார்த்து எண்ண வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பெண் ஈ பிறந்து எட்டு மணித்தியாலத்துக்குள் அதைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். பிந்தினால் அது கூடப் பிறந்த ஆண் ஈயோடு சேர்ந்துவிடும், பிறகு குஞ்சுகள் யாருடையவை என்று யாருக்கும் தெரியாது. கன்னி ஈ பிடிக்கப் போறியளோ என்று பெடியள் எங்களைப் பகிடி பண்ணுவார்கள்.

நான் குளித்து, சாப்பிட்டு, பவுடர் போட்டு ஒன்பது மணிக்குப் போவேன். என் ஈக்கள் அதற்குள் குடும்பம் நடத்தத் தொடங்கியிருக்கும். கணக்கு ஒருநாளும் சரிவராது. ஆகவே புத்தகத்தில் என்ன விகிதம் வரவேண்டுமோ அதற்குப் பக்கத்தில் ஒரு இலக்கத்தை யோசித்து எழுதிவிடுவேன். சிவமணி கொட்டாஞ்சேனையில் முதல் பஸ் ஏறி, காவலாளி கதவு திறக்கும்போதே வாசலில் நிற்பாள். அவ்வளவு பாடுபட்டும் அவளுடைய எண்ணிக்கை புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. ஒத்துவராததை அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

பேராசிரியர் இரண்டு கொப்பியையும் வகுப்பில் தூக்கிக் காட்டினார். ஈக்கள் இப்படித்தான் பிறக்கும் என்று அவளுடையதைச் சொன்னார். என்னுடையதைக் காட்டி, இவ்வளவு ஒழுங்கான ஈக்களைத் தான் உலகத்தில் வேறெங்கும் காணவில்லை என்றார். முழு வகுப்பும் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள், அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவளுடைய வீட்டை எரித்தார்கள். அகதிமுகாமிலிருந்து இரவல் சட்டையோடு திரும்பி வந்தாள். ஈ அறையில் பார்க்க ஆளில்லாமல் போத்தல்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. இரண்டு போத்தலில் மட்டும் உயிர் இருந்தது. அதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கினாள். பெடியள், பெட்டையள், விரிவுரையாளர்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். வீடு எரிந்தவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சிறப்புப் பட்டத்துக்கு அவளை எடுத்தார்கள். நான் பொதுப் பட்டத்தோடு வெளியே வந்தேன். அவளுக்கு இங்கிலாந்துக்குப் புலமைப்பரிசில் கிடைத்தபோது, பேராசிரியருக்கு வால்பிடித்து வாங்கினாள் என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் சொன்னேன்.

1986இல் ஊருக்குப் போய் தியாகராசாவைக் கலியாணம் செய்தேன். அவர் வங்கியில் வேலை. மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை. அப்போதுதான் என் மச்சாள், அவருடைய தங்கை நாகேஸ்வரி, வயிற்றில் ஐந்து மாதத்தோடு விதவையானாள். புருஷனை றோட்டில் வைத்து ஆமி சுட்டுவிட்டது. அவளுக்கு இருபத்திரண்டு வயது. கையில் பிள்ளை இருந்தால் இன்னொரு கலியாணம் நடக்காது என்று வீட்டார் யோசித்தார்கள். பிள்ளையை எங்களுக்குத் தருவதென்று முடிவாயிற்று. சகோதரத்தின் பிள்ளையை எடுத்து வளர்ப்பது எங்கள் சனத்தில் புதினமான காரியம் இல்லை.

நாங்கள் செய்த பிழை வேறு. கோடு, கச்சேரி, தத்தெடுப்பு வழக்கு என்று அலையாமல், நாகேஸ்வரியை ஆஸ்பத்திரியில் என் பெயரில் அனுமதித்தோம். அவள் என் பெயரில் பிள்ளை பெற்றாள். ஆஸ்பத்திரித் துண்டில் என் பெயர், பிறப்புச் சான்றிதழில் என் பெயர். அந்தச் சண்டைக்குள் யார் முகத்தைப் பார்த்து அடையாளம் கேட்டார்கள்? அது ஒரு பொய் என்றே எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பிள்ளைக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தோம்.

நிரோஜா என்று பெயர் வைத்தோம். நாகேஸ்வரி பால் கொடுக்கும்போது நான் அந்த அறைக்குள் நிற்கமாட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒரு குண்டுவீச்சில் அவள் செத்துப்போனாள். இரண்டாம் கலியாணம் நடக்கவேயில்லை. நான் உண்மையாகத்தான் அழுதேன். ஆனால் அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதி கிடந்தது எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றாறில் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தை ஹம்டன் லேனில் இரண்டு அறை எடுத்தோம். அவர் தொண்ணூற்றெட்டில் கனடா போனார். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் ரியூசன் கொடுத்தேன். சிவமணியும் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பி வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் கதிரை கிடைக்கும் என்று எல்லோரும் நினைக்க, அவள் கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சேர்ந்தாள். கலியாணம் கட்டவில்லை. பிள்ளைகளுக்குத் தலசீமியா என்ற இரத்த நோய் வருமா என்று பயந்து வருகிற சோடிகளுக்கு விளக்கம் சொல்வாள். மற்றபடி பெரும்பாலும் விசா இரத்தம். வெளிநாட்டிலுள்ள உறவினர் கூப்பிடுகிற சனத்திடம் எம்பசி அத்தாட்சி கேட்கும். இவள் இரத்தம் எடுத்து, இது இன்னாருடைய பிள்ளைதான் என்று எழுதிக் கொடுப்பாள். ஈயில் தொடங்கி எம்பசியில் முடிந்த படிப்பு என்று நான் வகுப்பில் பகிடி விடுவேன். சொல்லச் சொல்ல எனக்கு வாய் இனிக்கும்.

அந்த இனிப்பும் நிலைக்கவில்லை. சிவமணி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். நிரோஜாவுக்குப் புத்தகம் கொண்டுவருவாள். பதினைந்து வயதில் நிரோஜா சனிக்கிழமைகளில் அவளுடைய ஆய்வுகூடத்துக்குப் போகத் தொடங்கினாள். வீட்டில் எந்நேரமும் ஆன்டி சொன்னவ, ஆன்டி காட்டினவ என்ற கதைதான். டொக்டராக்க நான் நினைத்திருந்த பிள்ளை, தானும் பிறப்புரிமையியல்தான் படிக்கப்போவதாகச் சொன்னாள். பெறாமல் நோகாமல் ஒரு பிள்ளை கிடைத்தால் அவளுக்குக் கசக்குமா என்று பக்கத்து வீட்டு நேசமலரிடம் புறுபுறுத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அப்போது யோசிக்கவில்லை.

2007 தையில் எம்பசியிலிருந்து கடிதம் வந்தது. மனைவியையும் மகளையும் கூப்பிட்டு அவர் விண்ணப்பம் போட்டிருந்தார். தாய் தகப்பன் பிள்ளை மூன்று பேருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார்கள். பரிசோதனை சிவமணியின் ஆய்வுகூடத்தில். வெளியே சுற்றிவளைப்பு, பொலிஸ் பதிவு, வெள்ளை வான் கடத்தல் என்று தமிழ்ப் பிள்ளைகளை வைத்திருக்க முடியாத காலம். முடிவு என்ன வருமென்று எனக்கு இரத்தம் கொடுக்காமலே தெரியும். பொய் சொன்னதாக விசாவை மறுத்தால் நிரோஜா இங்கேயே நின்றுவிடுவாள். நான் தாய் இல்லை என்று தெரிந்தால், இங்கே நின்றாலும் அங்கே போனாலும் எனக்கு அவள் இல்லாமல் போய்விடுவாள். இரண்டாவது பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

நான் தனியே கொள்ளுப்பிட்டிக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிவமணியிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டேன். வேறு ஒரு தாய் மகளின் இரத்தத்தை எங்கள் பெயரில் அனுப்பச் சொன்னேன். நாகேஸ்வரியின் கதையையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அப்படிச் செய்யமாட்டேன் என்று ஒரே வசனத்தில் சொன்னாள். பிறகு, முடிவு போவதற்கு முன் நாங்களே எம்பசிக்கு உண்மையை எழுதிவிடுவது நல்லதென்றும், தாய் தகப்பன் இல்லாத மருமகளைத் தாய்மாமன் கூப்பிட வழி இருக்கிறதா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்கும்படியும் சொன்னாள். பதினெட்டு முடிவதற்கிடையில் செய்ய வேண்டியிருக்கும் என்றாள். நிரோஜாவுக்குப் பதினெட்டாக இன்னும் பத்து மாதம் இருந்தது.

அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்துவிடுமே, அதுமட்டும் கூடாது என்றேன். சிவமணி மேசையிலிருந்த பரிசோதனைக் கண்ணாடித் தகடுகளை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள்.

"அவளுக்குத் தெரியும், கனகேஸ். ரெண்டு வருசமாத் தெரியும்."

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, சிவமணி அவளுக்குக் குருதி வகை பார்க்கப் பழக்கியிருக்கிறாள். நிரோஜா தன் விரலிலேயே குத்திப் பார்த்திருக்கிறாள். ஓ வகை. நான் ஏபி வகை என்பது என் ரியூசன் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும், கரும்பலகையில் எப்போதும் என்னைத்தான் உதாரணமாகப் போடுவேன். ஏபி தாய்க்கு ஓ பிள்ளை பிறக்காது. அந்தப் பாடத்தைப் படிப்பித்ததும் நான்தான். பரிசோதனை பிழை என்று நிரோஜா மூன்று தடவை திரும்பச் செய்தாளாம். பிறகு புத்தகங்களைத் தோண்டி, பம்பாய் வகை என்று லட்சத்தில் ஒருவருக்கு வருகிற ஒன்று இருக்கிறது, அதென்றால் ஏபி தாய்க்கும் இப்படிப் பிறக்கலாம், அதையும் பாருங்கோ ஆன்டி என்று கேட்டாளாம்.

"பாத்தனான். அது இல்லை. சாதாரண ஓ தான்," என்றாள் சிவமணி. "மிச்சத்தை அம்மாட்டைக் கேள் எண்டனான். அது நான் சொல்லுற கதை இல்லை."

எனக்கு விசா மறந்துபோயிற்று, எம்பசி மறந்துபோயிற்று. பயம் வரவேண்டிய இடத்தில் பழைய எரிச்சல்தான் வந்தது. என் பிள்ளை இரண்டு வருடமாக இந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறாள், அதை இவளோடு பங்குபோட்டிருக்கிறாள். நான் இரண்டு அறை வீட்டில் ஒரே கட்டிலில் அவளோடு படுத்திருக்கிறேன்.

"என்ர பிள்ளை என்னை விட்டுட்டு உன்னிட்டை ஏன் கேட்டவள்?" என்று கத்தினேன். வெளியே இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

சிவமணி குரலை உயர்த்தவில்லை. "நான் அம்மா இல்லைத்தானே. என்னிட்டைக் கேட்டா ஒண்டும் உடையாது," என்றாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் வரும்போது அவளைத் திட்ட வார்த்தை தேடினேன். இரண்டு வருடம் வாயை மூடி வைத்திருந்திருக்கிறாள். நானாக இருந்தால் இரண்டு நாள் தாங்கியிருக்கமாட்டேன், வெள்ளவத்தை முழுக்கச் சொல்லியிருப்பேன்.

அன்று பின்னேரம் நிரோஜாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நாகேஸ்வரியின் படத்தைக் காட்டினேன். அவள் அழவில்லை. படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, இவ பாட்டுப் பாடுவாவோ என்று கேட்டாள். நன்றாகப் பாடுவாள் என்றேன். எனக்குப் பாடத் தெரியாது. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டேன். தெரியாத மாதிரி இருந்தால் எல்லாம் இருந்தபடி இருக்கும் என்று நினைத்தாளாம்.

சட்டத்தரணி வழி இருக்கிறது என்றார். நாங்கள் உண்மையை எழுதிக் கொடுத்தோம். ரொறன்ரோவில் அவரும், கொள்ளுப்பிட்டியில் நிரோஜாவும் இரத்தம் கொடுத்தார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே தாயிடமிருந்து வந்த டிஎன்ஏ கூறு, தங்கையின் பிள்ளைக்கும் அப்படியே வந்திருந்தது. சிவமணி அறிக்கையை வரிவரியாக எனக்கு விளக்கினாள். என் இரத்தத்தை இந்தமுறை யாரும் கேட்கவில்லை. அந்த அறிக்கையில் என் பெயரே இல்லை. சிவமணியின் கையெழுத்துக்காவது அதில் ஒரு இடம் இருந்தது.

ஆவணியில் புதுப் படிவங்கள் வந்தன. நிரோஜா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தானே நிரப்பினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தாயின் பெயர் என்ற இடத்தில் நாகேஸ்வரி என்று எழுதினாள். வெட்டாமல், தயங்காமல், அழகான கையெழுத்தில் எழுதினாள். செத்துப் பதினாறு வருடமான மச்சாள்மேல் எனக்கு அப்போது வந்த பொறாமை சிவமணிமேல்கூட வந்ததில்லை. அதற்குக் கீழே, கூடப் பயணம் செய்பவர் என்ற இடத்தில் கனகேஸ்வரி தியாகராசா என்று எழுதினாள். உறவுமுறை கேட்டிருந்தார்கள். மாமனின் மனைவி என்று எழுதினாள். சட்டத்தரணி அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்.

பேனையை மூடிவிட்டுப் படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, எல்லாம் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ," என்றாள்.

முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.