பாலத்துச் சுவரில் எரிந்த கற்பூரம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருஷங்களைத் தள்ளிவிட்டேன். எழுதினால் அம்மனைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம். இந்த ஆடியில் அத்தானுடைய கற்பூர டப்பாவைக் கையில் எடுத்தபோது, இனியும் சொல்லாமல் இருக்கக்கூடாது என்று பட்டது.

இருமல் மாத்திரை வந்த சின்னத் தகர டப்பா அது. மூடியில் வர்ணம் உரிந்துவிட்டது. அத்தான் என்று நான் கூப்பிட்டது என் அக்காவின் கணவரை. பட்டாசுக் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுகிற வேலை அவருக்கு. கம்பெனி வாசலிலேயே சோதனை போடுவார்கள் என்பதால் தீப்பெட்டியைத் தொடவே மாட்டார். ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஆமத்தூரிலிருந்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடக்கும்போது மட்டும் அவர் சட்டைப்பையில் தீப்பெட்டியும் இந்த டப்பாவும் இருக்கும். சர்க்கரை வியாதி பல வருஷமாக உண்டு. மாத்திரை விழுங்குவதோடு சரி.

வழியில் சாமியைக் கண்டால் நிற்பார். கற்பூரம் ஏற்றி, அது அணைகிற வரை கைகூப்பி நிற்பார். அப்புறம் புது ஆள் மாதிரி நடப்பார். முதலில் கண்மாய்க்கரை ஐயனார், சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளையார் என்று ஒன்றிரண்டு இடந்தான். போகப் போக வேப்பமரம், மைல்கல் எல்லாவற்றுக்கும் கற்பூரம். கடைசியாக நடந்த வருஷம் ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலேயே ஏற்றிவிட்டார்.

அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். “ஏங்க, ஓடையில தண்ணியே இல்ல, சாமி எங்கன இருந்து வந்துச்சு?”

“ஒனக்குத் தெரியாது. பேசாம கும்புடு.”

“நல்லாக் கும்புட்டீக. இப்படியே போனா நாம போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த ஆடி வந்துரும்.”

கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கோ பொறாமையாக இருந்தது. இத்தனை பக்தி நமக்கு இல்லையே என்று.

அந்த நடையில் கட்டைவிரலில் கல் குத்திய புண் ஆறவே இல்லை. மஞ்சள் போட்டோம், களிம்பு போட்டோம். கால் பிடித்துவிடும்போது அக்கா, “வெயில்ல கெடந்து வாறீக, காலு மட்டும் பானைத்தண்ணி மாதிரி சில்லுன்னு இருக்கே” என்பாள். அதையும் நல்லதென்றே எடுத்துக்கொண்டோம். விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் பாதத்தின் மேல் விரல் வைத்து நெடுநேரம் நாடி தேடினார். கிடைக்கவில்லை. “நடந்தா கெண்டைக்கால் வலிக்குமா? நின்னா விட்டுருமா?” என்று கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டாள். “அதெல்லாம் இல்லைங்க சார். வருஷா வருஷம் இருக்கன்குடிக்கு நடக்காக.”

அத்தான் மெதுவாகச் சொன்னார். “வலிக்கும் சார். கயிறு போட்டு இறுக்குன மாதிரி இருக்கும். கற்பூரம் ஏத்திக் கும்புட்டா, அது அணையுறதுக்குள்ள விட்ரும்.”

டாக்டர் சிரிக்கவில்லை. சர்க்கரையால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, நடக்கும்போது ரத்தம் போதாமல் வலிக்கும், நின்றால் தணியும் என்று பொறுமையாகச் சொன்னார். வலியை விடவைத்தது கற்பூரமில்லை, நின்றதுதான் என்றார். முதலிலேயே வந்திருந்தால் காலைக் காப்பாற்ற வழி பார்த்திருக்கலாமாம்.

அத்தான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “அப்ப, அம்மா விடவைக்கலியா?” என்று மட்டும் கேட்டார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆடியில் நாங்கள் கிளம்பியபோது, வாசலில் நாற்காலியில் இருந்தபடி டப்பாவை என்னிடம் நீட்டினார். “நான் எங்கன எங்கன நிப்பேன்னு ஒனக்குத் தெரியும்லா?” என்றார். தை பிறப்பதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

இந்த ஆடியில் அந்தப் பாலத்துச் சுவரில் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஜனங்கள் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “சக்தியுள்ள எடம்மா, நல்லாக் கும்புட்டுக்கோ” என்றாள் ஒருத்தி. இங்கே ஒரு மனுஷனுக்குக் கால் வலித்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டப்பாவைத் திறந்து நானும் ஏற்றினேன். எல்லாரும் சுடரைப் பார்த்தார்கள். நான் கால்களைப் பார்த்தேன். ஒரு பெரியவர் குனிந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய், “அண்ணாச்சி, ஒங்களுக்குச் சர்க்கரை இருக்கா?” என்று கேட்டேன்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அம்மன் கைவிட்டாள் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அவள் அத்தானை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஏன் நிற்கிறீர்கள் என்று நாங்கள்தான் கேட்கவில்லை.